கேபின் ஓட்டை வழியே பார்த்த அம்மோரு

ஆந்திராவின் அன்றைய சித்தூர் மாவட்டத்தில், புத்தூர் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன். டிக்கெட் வரிசையில் தெலுங்கும் தமிழும் கலந்தே கேட்கும். 1995 நவம்பரில் வெளியான 'அம்மோரு' என்ற தெலுங்குப் படம் எங்களிடம் வந்து சேர்வதற்குள் அடுத்த வருடம் பிறந்துவிட்டது. அம்மோரு என்றால் நம் அம்மன்தான். 'அம்மவாரு' என்பது பேச்சில் அப்படிச் சுருங்கிவிட்டது.

படப்பெட்டி வந்த அன்றே முதலாளி வாசலில் பந்தல் போட்டு, வேப்பிலை கட்டி, ஒரு அம்மன் சிலையை வைத்தார். பெண்கள் செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கொட்டகைக்குள் வெறுங்காலோடு வரும் கூட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

கிராபிக்ஸுக்காகத்தான் படம் ஓடுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இயக்குநர் கோடி ராமகிருஷ்ணாவும் தயாரிப்பாளர் ஷ்யாம் பிரசாத் ரெட்டியும் அதற்காக வருடக்கணக்கில் பாடுபட்டார்கள். அம்மோருவாக ரம்யா கிருஷ்ணன் சூலத்தோடு நிற்கும்போது கொட்டகை அதிரும், உண்மைதான். ஆனால் தினமும் நாலு ஆட்டம் பார்த்த எனக்கு வேறொன்று பட்டது.

2,000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். புரொஜக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி கரையக் கரைய நகர்த்திக்கொண்டு, திரையின் வலது மேல் மூலையில் ரீல் மாற்றும் புள்ளி வருகிறதா என்று ஓட்டை வழியே பார்த்தபடி நிற்க வேண்டும். அங்கிருந்து ஜனங்களின் முகம் தெரியாது, முதுகுதான். சௌந்தர்யா புகுந்த வீட்டில் வடிவுக்கரசியிடம் படும் பாட்டைப் பார்த்து அந்த முதுகுகள் குனியும். அம்மோரு ஒரு சின்னப் பெண்ணாக அதே வீட்டுக்கு வேலைக்கு வந்ததும் நிமிரும். முந்தானை கண்ணுக்குப் போகும். திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் வேஷக்காரர் வாசலுக்கு வந்தால், அம்மனே வந்ததாகக் காலில் தண்ணீர் ஊற்றும் ஜனம் அது. சாமி வீட்டுக்குள் வந்து கூடவே இருப்பதைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்க வந்தார்கள்.

ஒரு ஞாயிறு மேட்னியில் கடைசி ரீல் அறுந்துவிட்டது. முந்தின இரவு நான் போட்ட ஒட்டு சரியில்லை. பிளேடால் சுரண்டி, பிலிம் ஒட்டும் சிமெண்ட் தடவி, அழுத்திப் பிடித்தேன், கை நடுங்கியது. வேறு படமாக இருந்தால் விசிலும் வசவும் கூரையைப் பிளந்திருக்கும். அன்று ஒரு விசில்கூட இல்லை. எட்டிப் பார்த்தேன். நாலைந்து பேருக்கு அருள் வந்திருந்தது. மற்றவர்கள் அவர்களைத் தாங்கிப் பிடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, படம் மறுபடி ஓடும்வரை காத்திருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு பாட்டி படியேறி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார். அப்புறம் புரொஜக்டரைக் காட்டி, "நைனா, மிஷினுக்கும் வெக்கணும்" என்றார். அது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. "சுடும் பாட்டி, ஆறட்டும்" என்றேன். சரி என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டார். ஆறிய பிறகு அவரே வைத்தார். பெட்டி அடுத்த ஊருக்குப் போய் வேறு படம் வந்த பின்னும் அதை நான் துடைக்கவில்லை.