சென்னையில் எம்.எஸ். ஆர்த்தோ: எல்லைப்புறத்து மாணவர்களுக்காக ஓர் ஒப்பீடு

முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பிஜியின் தரவரிசை வெளியானதும் ஆந்திர எல்லையிலுள்ள நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: ஆர்த்தோ, அதாவது எலும்பு அறுவை சிகிச்சை முதுநிலைப் படிப்பு, கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இருந்தால், சென்னையில் எந்த இடத்தை முதல் விருப்பமாக எழுதுவது? எம்.பி.பி.எஸ். படிப்பை ஆந்திரத்தில் முடித்த நம் பிள்ளைகளுக்குத் தமிழக மாநில ஒதுக்கீடு பெரும்பாலும் எட்டாது. ஆகவே, அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 50 சதவீத இடங்கள், மத்தியக் கலந்தாய்வின் மூலம் நிரப்பப்படும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்கள், தனியார் மருத்துவமனைகளில் உள்ள டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைத் தகுதி) இடங்கள் ஆகிய மூன்றையும் வைத்தே ஒப்பிட வேண்டியிருக்கிறது. மூன்றுமே மூன்றாண்டுப் படிப்புகள். ஆனால் அந்த மூன்றாண்டுகளில் ஒருவர் கையில் சேரும் வேலை ஒன்றுபோல் இருப்பதில்லை.

படித்துவிட்டு எங்கே போய் உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். நம் ஊருக்கே திரும்புவதானால், சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு, அதாவது சென்னை மருத்துவக் கல்லூரிக்கு, முதலிடம் தருவேன். 1664-இல் கோட்டைக்குள் தொடங்கிய மருத்துவமனை, 1835-இல் தொடங்கிய கல்லூரி என்ற பழம்பெருமை எனக்குப் பெரிதில்லை. அது சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது என்பதுதான் பெரிது. ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர், ஏகாம்பரகுப்பம், திருத்தணி, அரக்கோணம் வழியாகச் செல்லும் இருப்புப் பாதை முடியும் இடத்தில் நம் நோயாளிகள் இறங்கி, சாலையைக் கடந்து, அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே நாட்டு வைத்தியரிடம் புத்தூர்க் கட்டுப் போட்டுப் பார்த்தவர்கள். அந்தக் கட்டை ஏளனம் செய்பவன் அல்லன் நான்; விலகாத எளிய முறிவு, அசையாமல் வைத்தால் எந்தக் கட்டிலும் கூடிவிடும். ஆனால் மூட்டுக்குள் சென்ற முறிவு, கோணலாகக் கூடிய முன்கை, மாதக்கணக்காகியும் கூடாத தொடையெலும்பு, கட்டின் இறுக்கத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை சுருங்கிப்போன குழந்தையின் கை ஆகியவற்றைச் சீர்செய்வது புதிய முறிவைச் சரிசெய்வதைவிடப் பன்மடங்கு கடினம். எலும்பை மீண்டும் வெட்டி நேராக்குவதும், இடுப்பெலும்பிலிருந்து ஒட்டு எடுத்து வைப்பதும், சீழ் பிடித்துக் கூடாத எலும்பை வெளியிலிருந்து கம்பிகளால் பிடித்து நிறுத்தும் இலிசரோவ் வளையம் மாட்டுவதும் பாடநூலில் சில பக்கங்களே. நம் ஊரில் கிளினிக் திறப்பவருக்கோ அதுவே அன்றாடப் பிழைப்பு. எலும்புப் புற்றுக்கட்டி வந்த மூட்டை அகற்றி, நோயாளிக்கென அளவெடுத்துச் செய்த உலோக மூட்டைப் பொருத்துவதில் மயில்வாகனன் நடராஜன் பெயர் பெற்றதும் இந்தக் கல்லூரியில்தான்.

குறை இல்லாமல் இல்லை. யூனிட்டுகளும் சீனியர்களும் நிறைந்த இடம் என்பதால், முதலாண்டு முழுவதும் மாவுக்கட்டிலும் டிரெஸ்ஸிங்கிலும் எக்ஸ்ரேயைத் தேடி ஓடுவதிலுமே கழிந்துவிடக்கூடும். கத்தி கைக்கு வரும் காலம் யூனிட் தலைவரின் மனத்தைப் பொறுத்தது. கல்லூரியின் பெயரைப் பார்த்து அதைக் கணிக்க முடியாது.

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியை இதற்கு அடுத்தபடியாகச் சொன்னாலும், விபத்துக் காயங்களைப் பொறுத்தவரை அது சற்றும் குறைந்ததல்ல. துறைமுகமும் கன்டெய்னர் லாரிகளும் மணலி, எண்ணூர் ஆலைகளும் சூழ்ந்த வடசென்னையின் மருத்துவமனை அது; இயந்திரத்தில் நசுங்கிய கையைப் பார்க்காமல் அங்கே படிப்பை முடிக்க இயலாது. ஆர். வேங்கடசாமி உருவாக்கிய, நாடறிந்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறது. அது பிளாஸ்டிக் சர்ஜரித் துறையைச் சேர்ந்தது என்பதால், ஆர்த்தோ மாணவர்களுக்கு அங்கே போஸ்டிங் உண்டா, எத்தனை வாரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. 1960-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் கல்லூரியோடு இராயப்பேட்டை மருத்துவமனையும் இணைந்திருக்கிறது. முதல் இரண்டும் கிடைக்காவிட்டால் தயங்காமல் எடுக்கலாம்.

மூட்டு மாற்று, ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டு மூட்டுக்குள் செய்யும் சிகிச்சை), விளையாட்டுக் காயங்கள் ஆகியவற்றில் நாட்டம் இருந்து, நகரத்திலேயே தங்குவதாக இருந்தால் என் வரிசை மாறும். போரூர் இராமச்சந்திரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இவற்றுக்கான வசதிகள் சிறப்பாக உள்ளன. கட்டணமோ ஆண்டுக்குப் பல இலட்சம். கடன் வாங்கிப் படித்துவிட்டு நகரியில் அந்தக் கடனை அடைக்க முடியுமா என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். பெரிய தனியார் மருத்துவமனைகளின் டிஎன்பி இடங்களில் கேஸ் விவாதமும் ஒழுங்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் பணம் கட்டிய நோயாளி பெரிய டாக்டரே செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார் என்பதால், மாணவர் நிறையப் பார்ப்பார், குறைவாகச் செய்வார். அறக்கட்டளை மருத்துவமனைகள் சில இதற்கு விலக்கு.

எந்த இடமானாலும் துறைத் தலைவரைக் கேட்பதைவிட, இறுதியாண்டு மாணவரைத் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள். இடுப்பு முறிவுக்கு நெயில் (எலும்புக்குள் செலுத்தும் உலோகத் தண்டு), முன்கைக்குப் பிளேட் (உலோகத் தகடு) ஆகியவற்றைச் சீனியர் பக்கத்தில் நின்று உதவத் தாமே செய்திருக்கிறாரா? அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவி இரவு 2 மணிக்கு இயங்குமா, அதை இயக்க ஆள் இருக்கிறாரா? எலும்பு வெளியே தெரியும் கால் முறிவு வந்தால் பிளாஸ்டிக் சர்ஜன் அன்றே வந்து பார்க்கிறாரா, அல்லது கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டுமா? சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் நள்ளிரவில் அடிபட்டு வருபவரை நாளை நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள் என்பதால், இந்த மூன்றாவது கேள்விக்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன். எல்லா முதுநிலை மாணவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ள மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்பதையும் இதோடு விசாரித்துவிடலாம்.

அரசு இடம் கிடைத்தால் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும். படிப்பு முடிந்து எத்தனை காலம் தமிழக அரசுப் பணியில் இருக்க வேண்டும், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பவை அவ்வப்போது மாறுவதால், அந்த ஆண்டின் கையேட்டைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். ஊருக்குத் திரும்பியதும் எம்.எஸ். பட்டத்தை ஆந்திர மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் பலர் கிளினிக்குப் பலகை எழுதிய பிறகே நினைத்துக்கொள்கிறார்கள்.