மினியின் முன் சப்ஃபிரேமைக் கழற்றிப் பூட்டிய கதை

கிளட்ச்சை விட்டால் ஒரு ‘டொக்’. பிரேக்கை மிதித்தால் இன்னொரு ‘டொக்’. என்னுடைய 1979 மினி 1000 நெடுநாளாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. முன் பம்பருக்குக் கீழே படுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. எஞ்சினைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமைக் காரின் முன் தகட்டோடு பிடித்திருக்கும் இரண்டு ரப்பர்களையும் நகத்தால் கிள்ளினால் துண்டுதுண்டாக வந்தன. அந்த இரண்டை மட்டும் மாற்றுவதென்றால் ஒரு பின்னேர வேலை. ஆனால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் சஸ்பென்ஷன் ரப்பர் கூம்புகளும் இறங்கி, ரயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையாத நிலை. இடது பக்கம், சஸ்பென்ஷனின் கீழ்க் கையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் கம்பியான டை-பார் சப்ஃபிரேமில் சேரும் இடத்தில் பெயின்ற் கொப்புளம் போட்டிருந்தது. அடியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியே நின்று சொல்ல முடியாது. சரி, முழுவதையும் இறக்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

மினியைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த கார் இது. பத்து அடி நீளத்துக்குள் நாலு பேரை இருத்த வேண்டும் என்பதற்காக எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர் பெட்டியை எஞ்சினுக்குக் கீழேயே, அதே எண்ணெயில் ஊற வைத்தார். எஞ்சின், கியர் பெட்டி, முன் சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் தாங்குவது தகட்டை அழுத்திச் செய்த இந்த ஒரு சட்டம்தான். உடல் ஒரு துண்டு, சப்ஃபிரேம் ஒரு துண்டு. 1976 வரை இரண்டையும் இரும்போடு இரும்பாக முடுக்கினார்கள். அதற்குப் பிறகு நடுவே ரப்பர் வந்தது, சத்தம் குறைந்தது. இப்போது பலர் அந்த ரப்பரை எடுத்துவிட்டு அலுமினியக் கட்டை போடுகிறார்கள். வளைவில் கார் கூர்மையாகத் திரும்புமாம். பந்தயம் ஓடுகிறவர்கள் போடட்டும். லண்டனில் வெம்பிளி ஈலிங் ரோட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போகிற எனக்கு எதற்கு? நான் ரப்பரே வாங்கினேன்.

இந்த எஞ்சின் எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவின் கராஜில் நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் பழகியது மொரிஸ் மைனர் 1000இல். அதில் இருந்ததும் இதே ஏ-சீரிஸ் குடும்பத்து எஞ்சின்தான், 948 சிசி. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது அதை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் வருகிற சைக்கிள்காரன் பாவம். அப்படி ஓடியும் சாகாத எஞ்சின் மேல் ஒரு மரியாதை இருக்கத்தானே செய்யும். ஆனால் மொரிஸ் மைனரில் எஞ்சின் நேராக நிற்கும், முன் சஸ்பென்ஷனுக்கு முறுக்குக் கம்பிகள், சப்ஃபிரேம் என்ற பேச்சே இல்லை. ஆகவே மினியில் எஞ்சின்தான் பழகிய முகம், மற்றதெல்லாம் புதுசு.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். முதலில் எஞ்சினை மேலே தூக்கி எடுத்துவிட்டு வெறும் சப்ஃபிரேமை இறக்குவது ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே விட்டுவிட்டு, காரின் உடலைத் தூக்கி அப்பால் கொண்டுபோவது மற்றது. வீட்டில் செய்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது என்பேன். எஞ்சினும் கியர் பெட்டியும் சேர்ந்து சுமார் 150 கிலோ. அதை முன் தகட்டுக்கு மேலால் ஊஞ்சலாட்டி எடுக்க கிரேன் வேண்டும், மேலே கூரை உயரம் வேண்டும். சேர்த்து இறக்கினால், சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டுகளைத் தொடவே தேவையில்லை. எஞ்சின் இல்லாத மினியின் முன்பக்கமோ ஆள்பலத்தால் தூக்கக்கூடிய பாரம்தான்.

கழற்றும் வேலையில் என் பங்காளி அக்காவின் மகன். இங்கே ஹரோவில் பிறந்து வளர்ந்தவன், கம்பியூட்டர் படிக்கிறான். ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவது அவன் வேலை. ‘கொயில்’, ‘ஸ்டாட்டர்’, ‘டெம்பரேச்சர்’ என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தவன், ஒன்றில் மட்டும் ‘மாமாவுக்கும் தெரியாது’ என்று எழுதி வைத்திருந்தான். பழைய சொந்தக்காரர் எவரோ ரேடியோவுக்கு இழுத்துவிட்ட வயர் அது. எங்கும் போகவில்லை.

பற்றரி, தண்ணீர், பொனற், காபரேற்றர், சைலன்ஸர் குழாயின் கிளாம்ப் எல்லாம் வழக்கமானவை. கிளட்ச் சிலிண்டரை இரண்டு போல்ட் கழற்றிப் பக்கத்தில் கட்டிவிட்டால் போதும், அதன் எண்ணெயைத் திறக்கத் தேவையில்லை. ஸ்பீடோ மீற்றர் கேபிள்தான் வில்லன். எஞ்சினுக்குப் பின்னால், மனிதக் கை போகாத இடத்தில் கியர் பெட்டியோடு முடுக்கியிருக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் மீற்றர் பக்கம் கழற்றி, கேபிளை எஞ்சினோடே போக விட்டேன். கியர் கோலில் ஒரு சுருள் முளை இருக்கிறது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, அதன் அளவுக்குச் சரியான கம்பியை வைத்துத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். கம்பி கொஞ்சம் மெலிந்தால் முளைக்குள் போய் இறுகிவிடும், தடித்தால் துளையைப் பெருப்பித்துவிடும். அளவான கம்பியை வாங்கிக்கொண்டே படுங்கள். ஸ்ரியரிங் றாக் உடலோடுதான் நிற்கும், ஆகவே சக்கரப் பக்கத்துப் பந்து மூட்டுகளைப் பிரித்தால் போதும். ஷொக் அப்சோபரின் மேல் நட்டை மறக்கக் கூடாது. அது உடலில் பிடித்திருக்கிறது.

இனி டவர் போல்ட். சப்ஃபிரேமின் இரண்டு கோபுரங்களும் பொனற்றுக்குள் பின்சுவரோடு ஆளுக்கொரு பெரிய போல்ட்டில் தொங்குகின்றன. அடியில் மடித்துவிட்ட பூட்டுத் தகடு. முதலில் அதை உளியால் நிமிர்த்த வேண்டும். வலது பக்கத்துப் போல்ட் பிரேக், கிளட்ச் சிலிண்டர்களின் நெருக்கத்துக்குள் ஒளிந்திருப்பதால் சொக்கற் நேராக உட்காருவதே பெரும்பாடு. பல இரவுகள் துரு எண்ணெய் அடித்து ஊற வைத்திருந்தேன். பிறகு நீளக் கம்பி, அதன்மேல் இரும்புக் குழாய், அதன்மேல் நான். ‘படார்’ என்றது. அத்தான் சமையலறை யன்னலைத் திறந்து, “என்ன முறிஞ்சது?” என்றார். ஒன்றும் முறியவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் அசையாத போல்ட் இளகும் சத்தம் அப்படித்தான் இருக்கும்.

நான் அதிகம் பயந்தது பின்னால் காரின் தரைத் தகட்டோடு பிடிக்கும் போல்ட்டுகளுக்கு. அவற்றின் நட்டுகள் உடலுக்குள்ளேயே பொருத்தியவை. போல்ட் உள்ளே முறிந்தால் அந்தத் தகட்டைத் துளைக்கத்தான் வேண்டும். கால் சுற்று இளக்கி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று திரும்ப முடுக்கி, மறுபடி இளக்கி... அவசரப்படுகிறவனுக்கு உகந்த வேலை இல்லை.

சப்ஃபிரேமுக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் பூட்டிய பலகை ஒன்றைத் தள்ளி, பாரம் முழுவதும் அதில் இறங்கியதும் கடைசிப் போல்ட்டுகளை எடுத்தோம். பிறகு அத்தானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் சக்கர வளைவுக்குள் கைகொடுத்துத் தூக்க, நான் முன் தகட்டைப் பிடிக்க, முன்பக்கம் மெல்ல எழும்பியது. எஞ்சினின் தலை தாண்டும் மட்டும் உயர்த்திவிட்டு, பின் சக்கரங்களில் கார் முழுவதையும் மண் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைப் போலப் பின்னுக்கு உருட்டிக்கொண்டு போனோம். எஞ்சின் நின்ற இடத்திலேயே நின்றது. மருமகனின் வேலை ஒன்றே ஒன்று: எங்காவது வயரோ குழாயோ இழுபட்டால் கத்துவது. உடலைத் தடித்த மரக்கட்டை வைத்த ஸ்ராண்டுகளில் இறக்கும் வரை ஒருவரும் அதன் கீழே தலை நீட்டவில்லை. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகிறவர்களோடு நான் வேலை செய்ய மாட்டேன்.

கழற்றிய சப்ஃபிரேமில் அரை அங்குலத்துக்குக் கறுத்த எண்ணெய்ப் பசை. இந்த எஞ்சின்கள் எண்ணெய் ஒழுக்குவதில் பேர்போனவை, அந்த ஒழுக்குத்தான் முன் சப்ஃபிரேமைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எண்ணெய் போய்ச் சேராத டை-பார் முனையில்தான் துரு ஓட்டை விழுந்திருந்தது. அந்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டிக்கொடுத்தார் ஒரு தெரிந்த வெல்டர். பவுடர் பூச்சு வேண்டாம் என்று நானே சொன்னேன். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் ஒரு கல் பட்டு வெடித்தால் அதன் அடியால் ஈரம் ஓடி, தெரியாமலே தகட்டைத் தின்னும். பிரஷ்ஷால் அடித்த சாதாரண சாசிப் பெயின்ற் என்றால் அடுத்த வருஷமும் தொட்டுப் பூசலாம்.

கூம்புகளை இப்போதே மாற்றிவிட வேண்டும். காரில் இருக்கும்போது அவற்றை அழுத்திப் பிடிக்க ஒரு தனிக் கருவி வேண்டும், டவர் போல்ட்டின் துளை வழியாகத்தான் அது உள்ளே போகும். என் பழைய கூம்புகள் அவ்வளவு சோர்ந்திருந்ததால் கருவியே தேவைப்படவில்லை, சஸ்பென்ஷனின் மேல் கையை நன்றாகத் தாழ்த்தி நெம்பியதும் கழன்றன. புதியவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். வாங்கும்போது கூம்பின் நடுத்துளை அங்குல மரையா, மெற்றிக் மரையா என்று பாருங்கள், இரண்டும் புழக்கத்தில் உள்ளன. மேல் கையின் அச்சில் கிரீஸ் போகாத பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதையும் ஊசித் தாங்கிகளையும் மாற்றினேன். ஆயிரக்கணக்கில் பவுண் செலவழித்து வெளிப் பெயின்ற் அடிப்பவர்கள் ஒரு கிரீஸ் துப்பாக்கி வாங்க ஏன் யோசிக்கிறார்களோ தெரியாது.

பூட்டும்போது ஒரே விதி: எல்லாப் போல்ட்டும் விரலால் ஏறும் வரை எதையும் முடுக்காதே. கோபுரத் துளைகளில் முனை மெலிந்த நீளக் கம்பிகளைச் செருகி, அவை காட்டும் வழியில் உடலை இறக்கினோம்.

“அத்தான், மெல்லமா... இன்னும் கொஞ்சம் பின்னுக்கு.”

“மாமா, நில்லுங்கோ! பெற்றோல் குழாய் நசிபடுது.”

தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தானின் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. மருமகன் கையை விட்டுக் குழாயை எடுத்துவிட்டான். அவன் அதைக் கவனித்திருக்காவிட்டால் சப்ஃபிரேமுக்கும் காரின் தரைத் தகட்டுக்கும் இடையில் அது தட்டையாகியிருக்கும். பிரேக் குழாய், கியர் கோல், றாக்கின் கைகள், ஸ்பீடோ கேபிள் என்று கடைசி நாலு அங்குலத்தில்தான் எல்லாம் நசிபட வரிசையில் நிற்கும்.

டவர் போல்ட்டுகள் இரண்டும் பிடித்தபின் பின்னுக்கு, அதன்பின் முன்னுக்கு. எல்லாம் ஏறியதும் முடுக்கி, பூட்டுத் தகட்டை மடித்துவிட்டேன். கீழ்க் கைகளின் போல்ட்டுகளை மட்டும் அப்போது முடுக்கவில்லை. கார் சக்கரத்தில் நின்று, தன் உயரத்துக்கு இறங்கிய பிறகே அவற்றை இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் அந்த ரப்பர் புஷ்கள் எப்போதும் முறுகிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் கிழியும். பிரேக்கில் காற்றெடுக்கும்போது பெயின்ற் மேல் ஈரத்துணி போட்டேன். பிரேக் திரவம் பட்டால் பெயின்ற் உரிந்துவிடும்.

புதுக் கூம்புகளால் மூக்கு கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது. ஓட ஓட இறங்கும், அதற்காக இப்போதே ஒன்றும் வெட்டத் தேவையில்லை. சத்தம் போய்விட்டது. முன் சக்கரங்களை மினிக்குரிய பதினாறில் ஒரு அங்குலம் வெளிநோக்கி வைத்துச் சரி பார்த்தாயிற்று. நாற்பது வயது தாண்டிய காருக்கு இங்கே எம்ஓடி என்ற வருடாந்தத் தகுதிப் பரிசோதனை கட்டாயமில்லை, இருந்தும் இன்னொருவர் கண் பார்க்கட்டும் என்று கொண்டுபோனேன். பரிசோதகர் முன்பக்கத்தை லைற் அடித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பின்னுக்குப் போய், பின் சப்ஃபிரேமின் மூலையில் சுத்தியலால் தட்டினார். பொத்தென்று ஒரு ஓசை. பின்னால் எஞ்சினும் இல்லை, ஒழுகும் எண்ணெயும் இல்லை, துருவுக்குத் தடை ஏது? அந்தப் போல்ட்டுகளுக்கு இப்போதே எண்ணெய் அடிக்கத் தொடங்கிவிட்டேன். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.