நெய்வேலியும் எங்கள் வீட்டுக் கிணறும்

காலையில் தோட்டத்துக்கு இறைக்கத் தொடங்கி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, மின்சாரம் போய்விட்டது. வெங்காயப் பாத்தியில் பாதி நனைந்து பாதி காய்ந்து கிடக்கிறது. கிணற்றுக்கட்டில் குந்தியிருந்த பெரியப்பா, "நுரைச்சோலை திரும்பவும் படுத்துவிட்டதோ?" என்றார். இங்கே எந்த மின்வெட்டுக்கும் முதலில் பழி விழுவது அதன்மேல்தான்! சீனக் கடனில், சீன நிறுவனம் இலங்கையில் கட்டிய 900 மெகாவாட் அனல்மின் நிலையம். நிலக்கரியோ கப்பலில் வரவேண்டும்.

எனக்குத் தமிழ்நாட்டின் நெய்வேலி ஞாபகம் வந்தது, அங்கே நிலக்கரி காலடியிலேயே கிடக்கிறது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது அங்கே பெரிய எதிரி தண்ணீர்தான். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலிருந்து ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்தும். விட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். ஆகவே இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வெட்டினார்கள். வாளிகள் கோத்த இராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன, அனல்மின் நிலையத்துக்குக் கைகொடுத்தது சோவியத் ஒன்றியம். ஆனால் படுகைக்கு மேலே மூடிக் கிடக்கும் கடினமான கடலூர் மணற்கல் அந்த வாளிப் பற்களைத் தேய்த்துத் தள்ளியது. வெளிநாட்டு இயந்திரத்தை உள்ளூர் மண்ணுக்குப் பழக்கியவர்கள் அங்கேயே வேலைபார்த்த பொறியியலாளர்களும் தொழிலாளர்களும்தான். ஒப்பந்தப் படங்களில் அவர்கள் நிற்பதில்லை.

இதைச் சொன்னதும் பெரியப்பா கேட்டார்: "அவ்வளவு தண்ணீரையும் இறைத்தால் சுற்றியுள்ள ஊர்க் கிணறுகள் என்ன ஆகும் தம்பி?"

சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பி வாழ்கிற யாழ்ப்பாணத்தானுக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் வரும். பதில் சொல்வதற்குள் மின்சாரம் வந்தது, மனிதர் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடிவிட்டார்.