தகரக் கூண்டுலேர்ந்து ஒரு நடை

போன ஞாயித்துக்கிழமை மழை விடவே இல்ல, சிங்கப்பூர் ஈசூன்ல இருக்குற வீட்டுல அப்பாவும் நானும் ஆளுக்கொரு கோப்பியோட உக்காந்து பழைய படம் ஒண்ணு போட்டோம், தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய், 1957ல வந்தது. நான் பாக்குறது இது நாலாவது தடவை. எல்லாம் நடிகர் அலெக் கின்னசுக்காகத்தான்.

நிறைய பேருக்கு அவரை ஸ்டார் வார்ஸ்ல வர்ற ஓபி-வானாத்தான் தெரியும், எனக்கும் முதல்ல அப்படித்தான். அப்புறம் தேடித் தேடிப் பாத்தப்பதான் புரிஞ்சுது, மனுஷன் ஒரு படத்துல இருக்குற மாதிரி இன்னொரு படத்துல இருக்கவே மாட்டார். 1949ல வந்த ஒரு படத்துல ஒரே குடும்பத்து ஆளுங்க எட்டு பேரா வர்றார், அதுல ஒருத்தர் பொம்பளை வேற, எட்டும் எட்டு விதம்.

1914 ஏப்ரல் 2ஆம் தேதி லண்டன்ல பொறந்தவர். பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் எழுதுற இடம் காலி. படிச்சு முடிச்சு விளம்பரக் கம்பெனியில வாசகம் எழுதி, அதை விட்டுட்டு நாடகத்துக்கு வந்து, பெரிய நாடக நடிகர் ஜான் கீல்குட் கைதூக்கிவிட்டு மேடையில பேர் வாங்கி, போர் வந்ததும் கடற்படையில சேந்து 1943ல சிசிலியில படை இறங்கினப்ப ஒரு படகுக்கு அதிகாரியா போயிருக்கார். அதனாலதானோ என்னவோ, ராணுவ அதிகாரி வேஷத்துல அவர் நிக்கிற நிலையே நிஜமா இருக்கும்.

குவாய் படத்துல அவர் கர்னல் நிக்கல்சன், ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரங்ககிட்ட பிடிபட்டு சயாம் ரயில் பாதைக்குப் பாலம் கட்டுற பிரிட்டிஷ் கைதிங்களோட அதிகாரி. ஷூட்டிங் நடந்தது இலங்கையில. டைரக்டர் டேவிட் லீனோட இந்தப் பாத்திரத்தை எப்படி நடிக்கிறதுன்னு செம சண்டை போட்டிருக்கார். ஜப்பான்காரங்க அவரை ஒரு தகரக் கூண்டுல, கொளுத்துற வெயில்ல, நாள்கணக்கா அடைச்சு வச்சுட்டு வெளிய விடுவாங்க. அங்கேர்ந்து கமாண்டர் இருக்குற கொட்டகை வரைக்கும் நடக்கணும். கால் சொன்ன பேச்சு கேக்காது, முட்டி மடங்கும், ஆனா தோள்பட்டை மட்டும் அணிவகுப்புல நிக்கிற மாதிரி நேரா இருக்கும். வசனம் கிடையாது. அந்த நடையை எங்கேர்ந்து எடுத்தார் தெரியுமா, அவரோட பையன் மேத்யூவுக்குப் போலியோ வந்து, மறுபடி நடக்கப் பழகினப்ப எப்படி நடந்தானோ அதையே எடுத்திருக்கார். பெத்த பிள்ளை தடுமாறி நடந்ததை மனசுல வச்சுக்கிட்டு கேமரா முன்னாடி நடந்திருக்கார்ங்க! அந்தப் படத்துக்குத்தான் ஆஸ்கார் கிடைச்சுது.

அந்த இடத்துல அப்பா ரிமோட்டை எடுத்து நிறுத்திட்டார். "சயாம்லேர்ந்து திரும்பி வந்தவங்க இப்படித்தான் நடந்து வந்தாங்கன்னு பாட்டி சொல்லும்"னார். சயாம்னா இப்பத்திய தாய்லாந்து.

எங்க தாத்தாவோட அண்ணனை மலாயாவுல கெடா ரப்பர் தோட்டத்துலேர்ந்து ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் போட பிடிச்சுட்டுப் போனாங்க, அவர் திரும்பவே இல்ல. 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்தப்ப பிடிபட்ட வெள்ளைக்கார சிப்பாய்ங்க சிங்கப்பூர் சாங்கி கைதி முகாம்லேர்ந்து அதே ரயில் வேலைக்குப் போனாங்க, அவங்க கதை படமாயிடுச்சு. 415 கிலோமீட்டர் பாதை, போர்க்கைதிங்க மட்டும் 12,000 பேருக்கு மேல செத்தாங்க, ரப்பர் மரத்துல பால் வெட்டப் போன நம்ம தமிழ் ஜனங்களையும் சேத்து ஆசியத் தொழிலாளிங்க செத்தது அதைவிடப் பல மடங்கு. படத்துல நம்ம தோட்டத்து ஆளுங்களைக் காணோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச படம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் இது நெஞ்சுல குத்துது.

இன்னொண்ணும் குத்தும். 1984ல அ பாசேஜ் டு இந்தியா படத்துல முகத்துக்கு மை பூசிக்கிட்டு பேராசிரியர் கோட்போலேயா வந்தார். எட்டு பேரா மாறத் தெரிஞ்ச மனுஷன், அங்க மட்டும் எனக்கு வெறும் வேஷமாத்தான் தெரிஞ்சார், அதை ஒரு இந்திய நடிகருக்கே குடுத்திருக்கணும்.

2000 ஆகஸ்ட்ல 86 வயசுல போய்ச் சேந்தார். 1979ல பிபிசி தொடர்ல உளவாளி ஸ்மைலியா வந்தப்ப, கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறதையே நான் பத்து நிமிஷம் பேசுவேன், அது இன்னொரு நாளைக்கு.

அப்பா படத்தை மறுபடி ஓடவிட்டார். கொஞ்சம் பின்னாடி தள்ளி, கூண்டுக் கதவு திறக்குற இடத்துலேர்ந்து.