ஆஸ்துமாவா இல்லையா என்று கண்டுபிடித்த கதை

எனக்கு வீசிங் வந்ததே இல்லை. வந்தது வறட்டு இருமல். பகல் முழுக்க ஆள் நன்றாகத்தான் இருப்பேன். விடியற்காலை மூன்று, நான்கு மணி வாக்கில் இருமல் எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கும், மறுபடி படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். ஒரு ஜலதோஷத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது இது. ஜலதோஷம் கிளம்பிப் போய்விட்டது, இருமல் மட்டும் தங்கிவிட்டது. சிரப், அலர்ஜி மாத்திரை, ஆன்டிபயாடிக் என்று வரிசையாக எல்லாம் ஆன பிறகு நுரையீரல் மருத்துவரிடம் போகச் சொன்னார்கள்.

அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே கேள்விகளை ஆரம்பித்துவிட்டார். இருமல் ராத்திரியிலா, பகலிலா? சத்தமாகச் சிரித்தால் வருகிறதா? குளிர்ந்த காற்று, ஊதுபத்திப் புகை, பெயின்ட் வாசனை பட்டால்? வேகமாக நடக்கும்போது வருகிறதா, நடந்து முடித்து நின்ற பிறகா? வலிக்கோ ரத்த அழுத்தத்துக்கோ ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா? கடைசிக் கேள்வி எதற்கென்று அப்போது புரியவில்லை. ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளும், பீட்டா பிளாக்கர் என்ற ரத்த அழுத்த மாத்திரை வகையும் சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடுமாம்.

நெஞ்சில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. "ஆஸ்துமா எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாதுங்க. வேற எதுவும் இல்லைன்னு பார்த்துக்கத்தான் எடுத்தது" என்றார்.

அப்புறம் மருந்துச்சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள் போட்டார். மூச்சுக்குழாயைக் குறுக்கே வெட்டினால் இப்படி இருக்கும் என்றார். வெளி வட்டத்தில் தசை. இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் உட்சவ்வு. உள் வட்டத்துக்குள் இருக்கும் ஓட்டைதான் காற்று போகிற வழி. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தச் சவ்வு எப்போதுமே லேசாக அழற்சியோடு இருக்கும். தொந்தரவே இல்லாத நாளிலும் அது உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் மற்றவர்களை ஒன்றும் செய்யாத தூசியோ புகையோ சளித் தொற்றோ இவர்களின் குழாயைச் சீண்டிவிடும். அப்போது தசை இறுகும், சவ்வு வீங்கும், பிசுபிசுப்பான சளி சுரக்கும். மூன்றும் சேர்ந்து அடைப்பது அந்த ஒரே ஓட்டையைத்தான்.

உள் வட்டத்தை இன்னும் சின்னதாக்கிக் காட்டி, பக்கத்தில் 16 என்று எழுதி அடிக்கோடிட்டார். காற்று சீராக ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும். பள்ளியில் இயற்பியல் பாடத்தில் படித்த விதிதான், ஆரத்தின் நான்காம் அடுக்கு. அது என் நெஞ்சுக்கும் பொருந்தும் என்று அதுவரை யோசித்ததில்லை. கொஞ்சம் வீங்கினாலே ஏன் இவ்வளவு அவதி என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொன்னார். இதுதான் எனக்குத் தலைகீழாக இருந்தது. மூச்சு முட்டும்போது காற்று உள்ளே போகவில்லை என்றுதான் நமக்குத் தோன்றும். ஆஸ்துமாவில் பெரிய சிக்கல் வெளியே விடுவதில். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிகிறது, நுரையீரலும் விரிந்து குழாய்களைச் சுற்றிலும் பிடித்து இழுத்துத் திறந்து வைக்கிறது. விடும்போது எல்லாம் சுருங்குகிறது. ஏற்கெனவே குறுகிப்போன குழாய்கள் அந்த நேரத்தில் இன்னும் குறுகி, சில முழுசாக மூடிக்கொள்ளும். கொஞ்சம் காற்று வெளியேறாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சு அதன் மேல் வந்து சேரும். இறங்க வேண்டியவர்கள் இறங்காத பஸ்ஸில் ஏற முடியாமல் நிற்பது போலத்தான். நெஞ்சு நிறைந்திருக்கும், ஆனால் காற்று போதவில்லை என்று உடம்பு கத்தும். வீசிங் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்பதும் இதனால்தான். எனக்கு விசில் இல்லாமல் இருமல் மட்டும் இருந்தது. அப்படியும் ஒரு வகை உண்டு, இருமலே முக்கிய அறிகுறியாக வரும் ஆஸ்துமா.

"அப்படின்னா எனக்கு ஆஸ்துமாவா டாக்டர்?"

"இருக்கலாம். ஊதிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

ஊதுவது என்றால் ஸ்பைரோமெட்ரி, நுரையீரலிலிருந்து வெளியே வரும் காற்றை அளக்கும் பரிசோதனை. ஏற்கெனவே இன்ஹேலர் எடுப்பவர்கள் பரிசோதனைக்கு முன் அதை நிறுத்தி வைக்க வேண்டும். உடனடி நிவாரண மருந்தான சால்பியூட்டமால் என்றால் குறைந்தது 4 மணி நேரம், நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகள் என்றால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ. எதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. நான் எதுவும் எடுக்காததால் அந்த வேலை மிச்சம்.

மூக்கில் கிளிப் மாட்டினார்கள். வாயில் ஒரு அட்டைக் குழாய், உதடு ஒட்டியிருக்க வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு நொடிகூடத் தயங்காமல் வெடித்தது போல ஊத வேண்டும். ஊதிய வேகத்தில் நிறுத்திவிடவும் கூடாது. "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும் இன்னும் இன்னும், விடாதீங்க!" என்று டெக்னீஷியன் பக்கத்தில் நின்று கத்தினார். உள்ளே காற்றே இல்லை என்று தோன்றிய பிறகும் திரையில் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அது எதிர்பார்த்ததுதானாம், அதற்காகத்தான் உட்கார வைத்து ஊதச் சொல்கிறார்கள். ஒழுங்கான ஊதல் குறைந்தது மூன்று கிடைக்க வேண்டும், அவற்றில் பெரியவை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். இருமினால் அந்த ஊதல் கணக்கில் வராது. இருமலுக்காக வந்த ஆளிடம் இருமாமல் ஊதச் சொல்கிறார்களே என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

இதில் பார்ப்பது முக்கியமாக இரண்டு எண்கள். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது, கடைசிவரை ஊதியதில் மொத்தம் எவ்வளவு வந்தது. முதலாவதை எஃப்.இ.வி.1 என்பார்கள், இரண்டாவதை எஃப்.வி.சி. என்பார்கள். வழி தாராளமாக இருந்தால் மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் முதல் நொடியிலேயே வந்துவிடும். வழி குறுகினால் மொத்தம் அவ்வளவாகக் குறையாமல் போகலாம், முதல் நொடிப் பங்கு குறையும். எனக்கு 3.60 லிட்டரில் 2.92 லிட்டர், அதாவது 81 சதவீதம். நல்ல எண்.

அதோடு விடவில்லை. சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் இழுக்க வைத்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். அந்த மருந்து இறுகிய தசையைத் தளர்த்தும். ஆஸ்துமாவின் குணமே அடைப்பு போய்ப் போய் வருவது. மருந்துக்குப் பின் முதல் நொடி அளவு 12 சதவீதத்துக்கு மேலும், அதோடு 200 மில்லிக்கு மேலும் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சாட்சி என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் கூடியது 110 மில்லி, நான்கு சதவீதம்கூட இல்லை. கை லேசாக நடுங்கியதும் நெஞ்சு படபடத்ததும்தான் மிச்சம். அது அந்த மருந்தின் வழக்கமான பக்க விளைவு, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தது. சரி, இதுவும் இல்லை என்று எழுந்தேன். மருத்துவர் உட்காரச் சொன்னார். "இன்னைக்கு இந்த நேரத்துல நார்மல், அவ்வளவுதான். நீங்க ஊதினது பதினொரு மணிக்கு. இருமுறது நாலு மணிக்கு." இந்தப் பேச்சு நடக்காமல் போயிருந்தால் நான் இன்னும் சிரப் குடித்துக்கொண்டிருப்பேன். மூச்சுக்குழாயின் அகலம் எல்லாருக்குமே நாளுக்குள் ஏறி இறங்கும். பிற்பகலில் நன்றாகத் திறந்திருக்கும், விடியற்காலையில் குறுகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். ஆக, அடைப்பு இருக்கிற நேரத்தில் பிடித்தால்தான் உண்டு.

அதற்குக் கொடுத்தது பீக் ஃப்ளோ மீட்டர். பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஒரு பிளாஸ்டிக் குழாய், மேலே அளவுகோல், ஊதினால் நகரும் ஒரு சின்ன முள். காற்று வெளியே பாயும் உச்ச வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும். மார்ட்டின் ரைட் என்ற ஆங்கிலேயர் 1950களில் உருவாக்கிய கருவியின் சின்ன வடிவம் இது. அவருடைய முதல் கருவி கனமானது, வீட்டுக்கு எடுத்துப் போகிற சமாசாரமே இல்லை.

காலையில் எழுந்தவுடன் மூன்று முறை ஊத வேண்டும், மாலையில் மூன்று முறை. மூன்றில் பெரிய எண்ணை மட்டும் எழுதினால் போதும், சராசரி எடுக்கக் கூடாது. முள்ளை ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டு, நின்றுகொண்டு ஊத வேண்டும். துப்புவது போல நாக்கால் தள்ளினால் முள் பொய்யாக எகிறும் என்று நர்ஸ் முதலிலேயே எச்சரித்திருந்தார். இப்படி இரண்டு வாரம் எழுதிக் கொண்டுவர வேண்டும்.

கணக்கு சுலபம். அன்றைய பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து, இரண்டின் சராசரியால் வகுக்க வேண்டும். காலை 380, மாலை 450 என்றால் வித்தியாசம் 70, சராசரி 415, கிட்டத்தட்ட 17 சதவீதம். நாள்தோறும் வருவதைச் சேர்த்துச் சராசரி பார்க்கையில் பெரியவர்களுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் அது அதிகம். என் நோட்டில் பெரும்பாலான நாட்கள் 15க்கு மேல் இருந்தன. இருமி இருமி விடிந்த ஒரு நாளில் காலை 340, மாலை 440. வரைபடமாகப் போட்டபோது ரம்பப் பல் மாதிரி மேலும் கீழுமாக இருந்தது. அவ்வளவு பெரிய இயந்திரம் காட்டாததை இந்தக் குழாய் காட்டிவிட்டது. இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது, அது பார்த்தது ஒரு நாளின் ஒரு மணி நேரத்தை.

இதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் மெத்தகோலின் பரிசோதனை என்று ஒன்று உண்டாம். மூச்சுக்குழாயைச் சுருக்கும் மருந்தையே குறைந்த அளவிலிருந்து படிப்படியாகக் கூட்டி இழுக்க வைத்து, முதல் நொடி அளவு 20 சதவீதம் விழுகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. நோட்டைப் பார்த்த மருத்துவர், ஸ்பைரோமெட்ரியை மட்டும் இன்னொரு தடவை, காலையில் முதல் ஆளாக வந்து ஊதச் சொன்னார். அன்றைக்கு மொத்தம் 3.55 லிட்டர், பழைய எண்ணுக்குப் பக்கத்தில்தான். முதல் நொடி 2.36 மட்டும், அதாவது 66 சதவீதம். ஊதும் கோடு திரையில் நேராக இறங்காமல் நடுவில் குழிந்து இறங்கியது. சால்பியூட்டமாலுக்குப் பின் 2.79. கூடியது 430 மில்லி, 18 சதவீதம். இனி பேச ஒன்றுமில்லை, ஆஸ்துமாதான்.

பெயர் கிடைத்ததில் எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம். வருத்தப்பட்டது சுற்றி இருந்தவர்கள். இன்ஹேலர் பழகிவிடும், கடைசிவரை விட முடியாது, ஸ்டீராய்டு உடம்பைக் கெடுத்துவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இழுக்கும் ஸ்டீராய்டின் அளவு மைக்ரோகிராமில் இருக்கும், அது நேராகக் குழாய்க்குப் போகிறது. மாத்திரையாக விழுங்கினால் மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கச் சுற்றி வரவேண்டும். சவ்வின் அழற்சியைக் குறைப்பது இந்த மருந்துதான். தசையைத் தளர்த்தும் மருந்தை மட்டும் எடுத்தால் அப்போதைக்கு இதமாக இருக்கும், அடியில் அழற்சி அப்படியே கிடக்கும். அதனால்தான் பெரியவர்களுக்குச் சால்பியூட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பும் பழைய வழக்கத்தை, ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019ல் கைவிட்டது. எனக்குக் கொடுத்தது புடெசோனைடு என்ற ஸ்டீராய்டும், தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலர். ஃபார்மோட்டெரால் சில நிமிடங்களில் வேலை செய்யும் என்பதால், காலை மாலை எடுப்பது போக, மூச்சு இறுகினாலும் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்பதை மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

இழுக்கும் விதத்துக்காக நர்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் மருத்துவர் எனக்குக் கொடுத்த நேரத்தைவிட அதிகம். குலுக்கி, ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூட்டில் செருகி, முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து, ஒரு தடவை அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, 10 நொடி அடக்க வேண்டும். அடுத்த பஃப் அரை நிமிடம் கழித்து. இரண்டு பஃப்பையும் ஸ்பேசருக்குள் ஒன்றாக அடித்துவிட்டு இழுக்கக் கூடாது. ஸ்பேசர் இல்லாமல் நேராக அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் மோதி அங்கேயே நின்றுவிடும். முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் வரலாம், குரல் கரகரக்கலாம். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காய விட வேண்டும். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்துத் துகள்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பொடி இன்ஹேலர் என்றால் முறை வேறு. அதற்கு ஸ்பேசர் கிடையாது, வேகமாக இழுக்க வேண்டும்.

கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். என்னுடைய சிறந்த பீக் ஃப்ளோ அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் என்ன செய்வது, 50க்குக் கீழே போனால் என்ன செய்வது என்று அதில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினால், நிவாரண மருந்துக்கும் அடங்காவிட்டால், எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். திணறல் கூடிக்கொண்டே போகும்போது வீசிங் சத்தம் மட்டும் நின்றுவிட்டால் அது குணம் இல்லை. சத்தம் வருகிற அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒன்றையாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் காலை எண்ணும் மாலை எண்ணும் நெருங்கி வந்தன. இருமல் அதற்கு முன்பே நின்றுவிட்டது. நின்ற கையோடு மருந்தையும் நிறுத்திவிடலாம் என்று தோன்றும், அங்கேதான் பலருக்குத் திரும்ப வருகிறதாம். மூன்று மாதம்போல் சீராக இருந்தால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். குறைக்கும் நாட்களில் மட்டும் மறுபடி காலை மாலை ஊதி நோட்டில் எழுத வேண்டும்.