சுமாராக வாசிக்கக் கூடாது

“மிருதங்கத்தைச் சுமாரா வாசிக்கக் கூடாதும்மா. பாடம் அப்படியில்ல. சுமாரா நடத்தினாலும் பிள்ளைங்க ஏதோ கொஞ்சம் எடுத்துக்குவாங்க.”

சிங்கப்பூரில் தமிழ்மொழி விழாவை ஒட்டி எங்கள் பள்ளியில் ஒரு சின்ன நிகழ்ச்சி. பிள்ளைகள் பாடும் பாட்டுக்கு வாசித்துக் கொடுங்கள் என்று, என்னோடு தமிழ் கற்பித்த மூத்த ஆசிரியரான ஐயாவிடம் கேட்டதற்கு வந்த பதில் இது. மாட்டேன் என்றதில் எனக்கு வருத்தமில்லை. பாடத்தைப் பற்றிச் சொன்னதுதான் இன்னும் குடைகிறது. நான் அப்போது ஒரு கட்டுக் கட்டுரைகளை முன்னால் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார்.

ஐயா போன வருடம் காலமானார். முன்னாள் மாணவர்கள் நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். இசைக்கலைஞராக இருந்து ஆசிரியரானவர் என்ற கோணத்தில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

கோணம் சரிதான். இளமையில் அவர் கச்சேரிகளுக்கும் நாட்டிய அரங்கேற்றங்களுக்கும் வாசித்தவர். 1949இல் தொடங்கிய இந்திய நுண்கலைக் கழகமும், 1952இல் கே.பி. பாஸ்கர் தொடங்கிய நாட்டியப் பள்ளியும் இங்கே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சலங்கை கட்டிவிட்டிருந்தன. அதனால் பக்கவாத்தியக்காரருக்கு வேலை இருந்தது, வருமானம்தான் இல்லை. பகலில் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். அப்புறம் கல்யாணம், குழந்தை, வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணை. தேசியக் கல்விக் கழகம் என்ற பெயர் வருவதற்கு முன்பிருந்த கல்விக் கழகத்தில் பயிற்சி எடுத்து ஆசிரியரானார். தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது 1982இல். அவர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் அதை ஒட்டித்தான். “மூடுற கடையில வேலைக்குச் சேர்ந்தவன் நான்” என்று சொல்லிச் சிரிப்பார்.

வாசிப்பதை ஏன் விட்டார் என்பதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். எனக்குச் சொன்னது இந்த ஊர் ஈரத்தைப் பற்றி. காற்றில் ஈரம் ஏறினால் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். கல்லும் கட்டையுமாகத் தட்டிச் சேர்த்து, இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பி, மேடைக்குப் போனால் அங்கே ஏர்கான் குளிர். தோல் இறுகி, வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படி பாதியில் இருக்கும்போது சுருதி மேலே போகும். “ஆடுற பொண்ணுக்கு அது தெரியாது, பாடுறவங்க மட்டும் என்னைத் திரும்பிப் பார்ப்பாங்க” என்றார். கேட்கச் சுவையான கதை. நான் நம்பவில்லை. அதே ஈரத்தில் இன்றும் பலர் வாசித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

சரி, பாடத்தைப் பற்றி அவர் சொன்ன அந்தப் பதிலுக்கு வருகிறேன். முதலில் அதை அவமதிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இசை பெரிது, வாத்தியார் வேலை எப்படியும் ஓட்டலாம் என்கிறார் என்று. பிறகு, அந்த வருடம் நான் இருந்த நிலையைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னாரோ என்று தோன்றியது. வீட்டில் தமிழே கேட்காத பிள்ளைகளுக்கு வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்து நான் சலித்துப்போயிருந்த நேரம் அது. எல்லா நாளும் உச்சத்தில் இருக்க வேண்டியதில்லை என்று ஒரு மூத்தவர் சொன்னால் அது பெரிய தைரியம். அப்படி எடுத்துக்கொண்டு பல நாள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். இப்போது யோசித்தால் இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். பழக்கம் விட்டுப்போன கை மேடையில் தடுமாறும் என்ற பயத்தில், என்னைத் தட்டிக்கழிக்க வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார். ஒருவர் போகிறபோக்கில் சொன்னதற்கு நான் இத்தனை உரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் பாடம் சுமார் இல்லை. வாசிப்புப் பயிற்சியில் பிள்ளை மூச்சு வாங்காமல் ஓடினால், மேசையில் விரலால் எண்ணி, “இங்க ஒரு கார்வை விடு” என்பார். தாளத்தில் விடும் இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. காற்புள்ளி வந்தால் கார்வை, முற்றுப்புள்ளி வந்தால் இரண்டு கார்வை, அவ்வளவுதான் கணக்கு. ழகரம் வராத பிள்ளைகூட அவர் வகுப்பில் பொருள் விளங்கும்படி வாசித்தது. அதனால், சுமாரான பாடம் என்று அவர் சொன்னது தன்னை வைத்து அல்ல என்று மலருக்கான கட்டுரையில் எழுதிவிட்டேன்.

எழுதியதைத் தொகுப்பாளருக்கு அனுப்பினேன். அவனும் ஐயாவின் மாணவன், இப்போது நாற்பது வயதிருக்கும். படித்துவிட்டு ஃபோன் செய்தான். “டீச்சர், ஐயா கிளாஸ் பல நாள் சுமாராத்தான் இருக்கும். மத்தியானப் பாடத்துல நாங்க தூங்குவோம், அவர் பாட்டுக்கு நடத்திட்டுப் போவாரு. ஆனா நான் இன்னிக்கும் தமிழ் வாசிக்கிறேன்ல?”

எனக்குக் கோபம் வந்தது. உனக்கென்ன தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் நான் அவர் வகுப்பில் உட்கார்ந்ததெல்லாம் சக ஆசிரியராகப் பாடம் கவனிக்கப் போன நாள்களில்தான். அந்த நாள்களில் யார்தான் சுமாராக நடத்துவார்கள்? நானும்தான் ஃப்ளாஷ் கார்டு, விளையாட்டு, குழு நடவடிக்கை என்று ஜோடித்துக்கொண்டு நிற்பேன். அவன் இருந்ததோ சாதாரண நாள்களில், வருடம் முழுக்க. மிருதங்கம் பக்கமும் இதே கதைதான், அவர் வாசித்து நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நல்ல வித்வான் என்று நான் எழுதியிருப்பது மற்றவர்கள் சொல்லித்தான்.

ஃபோனில் சொன்னதை அப்படியே எழுதிக் கொடு, என் கட்டுரைக்குப் பக்கத்தில் போடலாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். தயங்குகிறான், பிழை வருமாம். வரட்டும். ஐயா இருந்திருந்தால் அவன் சொல்வதற்குக் கோபப்பட்டிருப்பாரா, சிரித்திருப்பாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிழைகளை மட்டும் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்திருப்பார்.