மீன் எண்ணெய்ப் புட்டியின் பின்பக்கம்

மீன் எண்ணெய் மாத்திரையில் எது நல்லது என்று யாராவது கேட்டால், புட்டியைத் திருப்பிப் பின்பக்க அட்டவணையைப் படிக்கச் சொல்வேன். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் "1000 மி.கி." பெரும்பாலும் எண்ணெயின் மொத்த எடையே தவிர, நாம் காசு கொடுத்து வாங்க நினைக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரு ஒமேகா 3 கொழுப்பு அமிலங்களின் அளவு அன்று. சாதாரண 1000 மி.கி. மாத்திரையில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மி.கி. அளவில்தான் இருக்கும். அட்டவணையின் தலைப்பில் "ஒரு வேளைக்கு 2 மாத்திரை" என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், கீழே உள்ள எண்களைப் பாதியாக்கிக்கொண்ட பிறகே இன்னொரு புட்டியோடு ஒப்பிட வேண்டும். இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டையும் தனித்தனியே குறிப்பிடாமல் "மொத்த ஒமேகா 3" என்று மட்டும் எழுதும் நிறுவனத்தின் பொருளை நான் வாங்குவதில்லை. "ஒமேகா 3-6-9" என்பதும் வீண் செலவுதான். 6, 9 வகைகள் சமையல் எண்ணெயிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன.

அளவைவிட எனக்குப் பெரிய கவலை எண்ணெய் கெட்டுப்போவதுதான். இ.பி.ஏ. மூலக்கூறில் ஐந்து, டி.எச்.ஏ. மூலக்கூறில் ஆறு என இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால், காற்றும் வெப்பமும் வெளிச்சமும் பட்டால் இந்த எண்ணெய் விரைவில் காறிப்போகும். இதை அளக்க, கெடுதலின் தொடக்க நிலையைக் காட்டும் பெராக்சைடு மதிப்பை இரண்டால் பெருக்கி, அடுத்த நிலையைக் காட்டும் அனிசிடின் மதிப்பைக் கூட்டி, டோட்டாக்ஸ் என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அது 26-ஐத் தாண்டக் கூடாது என்பது இத்துறையினரே ஏற்றுக்கொண்ட வரம்பு. அந்தந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான சோதனைச் சான்றைக் கேட்டால் காட்டுகிற நிறுவனத்தை ஓரளவு நம்பலாம். வீட்டிலேயே ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்து பார்க்கலாம்: நல்ல எண்ணெயில் மெல்லிய மீன் வாசம் இருக்கும், கெட்டதில் பழைய பெயின்ட் போன்ற காறல் நெடி மூக்கில் ஏறும். எலுமிச்சை மணம் சேர்த்திருந்தால் மூக்கும் ஏமாறும், அனிசிடின் சோதனையும் குழம்பும். அதனால் மணம் சேர்ப்பதற்கு முன் எடுத்த அளவீட்டைத்தான் கேட்க வேண்டும்.

"பாதரசம் நீக்கப்பட்டது" என்பது பெரிய சாதனை அன்று. பாதரசம் பெரும்பாலும் மீனின் தசைப் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் எண்ணெயில் மிகக் குறைவாகவே வருகிறது. கொழுப்பில் கரையும் பி.சி.பி. (தொழிற்சாலைகளில் பயன்பட்ட நச்சு வேதிப்பொருள்கள்) போன்ற மாசுகளைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

"இதய நலத்துக்குத் துணைபுரியும்" என்ற வாசகம் எந்த நோயையும் தடுப்பதாகச் சொல்லவில்லை. வாங்குபவர் அப்படி எடுத்துக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பில்தான் அது அச்சிடப்படுகிறது. 2018-இல் முடிவுகள் வெளியான வைட்டல் ஆய்வில், 25,871 பேர் பங்கேற்க, நாளுக்கு 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய நோய் நிகழ்வுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. அதே ஆண்டு வெளியான ரெட்யூஸ்-இட் ஆய்வில் நிகழ்வுகள் 25 சதவீதம் குறைந்தன. ஆனால் அதில் கொடுத்தது, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு உயர்ந்திருந்தவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் நாளுக்கு 4 கிராம் தூய்மையாக்கிய இ.பி.ஏ. மருந்து. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த கனிம எண்ணெய் அவர்களுக்குக் கெடுதல் செய்து, அதனால் அந்தப் பலனே மிகைப்பட்டுத் தெரிந்திருக்கலாம் என்ற விமர்சனமும் உண்டு, 2020-இல் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் கலந்த 4 கிராம் மருந்தைச் சோதித்த ஸ்ட்ரெங்த் ஆய்வு பலன் காணாமல் பாதியில் நிறுத்தப்பட்டது. 4 கிராம் கொடுத்த ரெட்யூஸ்-இட், ஸ்ட்ரெங்த் ஆகிய இரண்டு ஆய்வுகளிலும் மருந்து எடுத்தவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பு கூடுதலாகக் காணப்பட்டது என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் மாத்திரைகளின் எண்ணிக்கையை யாரும் கூட்டிக்கொள்ளக் கூடாது.